புதுத்தண்ணி போகும் வழி

ஐப்பசியில் முதல் மழை அடித்து ஓய்ந்ததும், பழவேற்காடு ஏரித் தண்ணீர் தோணிரேவுக் கரையில் உப்புக் கரிப்பு குறைந்து, ஆறிப்போன கஞ்சிபோல் சப்பென்று ஆகிவிடும். இது எங்கள் வீட்டு நாக்குகளுக்குத் தெரியக் காரணம் உண்டு: வீட்டுப் பெண்கள் கையால் இறால் பிடிப்பவர்கள். "பறி" என்னும் பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்து இரு கையாலும் சேற்றைத் துழாவும்போது, ஏரி கேட்காமலே வாய்க்குள் வந்துபோகும்.

ஆற்று வெள்ளம் ஏரியில் கலக்கும் அந்த வாரங்களுக்குப் "புதுத்தண்ணி" என்று பெயர். வருஷத்துச் சோற்றில் பாதி அதில்தான். மழை இருட்டினால் மற்ற ஊர்களில் கொடித்துணியை எடுப்பார்கள்; எங்கள் ஊரில் பறியை எடுப்பார்கள். ஒருநாள் நானும் இறங்கினேன். நண்டு விரலைக் கவ்வியது, வாயைத் திறந்து கத்தினேன், பறி மிதந்து போயிற்று.

"இவன் வாய்க்கு எறா நிக்காதுடி. பள்ளிக்கூடத்துக்கே போவட்டும்" என்றாள் அம்மா.

"அங்க கத்தினா ஒண்ணும் மெதந்து போவாது" என்றாள் செல்வி அக்கா.

இப்படியாகத்தான் நான் படித்தவன் ஆனேன். எங்கள் ஏரிக்கு வரும் அதே ஆற்றின் கரையில், ஏரிக்கு மேலே ஓர் ஊரில் வீடும் கட்டினேன். மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அலைந்து, கத்தி, மழைநீர் வடிகால் கட்டவைத்தேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்பு தெருத் தண்ணீர் தங்கித் தெளிந்த குட்டையைத் தூர்த்துத்தான் அதைக் கட்டினார்கள். இப்போது சாலையின் எண்ணெயும், பட்டறைக் கழிவும், யாரோ திருட்டுத்தனமாகக் கோத்துவிட்ட கக்கூஸ் குழாயும் ஒரே மூச்சில் ஆற்றுக்குப் போகின்றன. ஆறு எங்கே போகிறது என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான். சால்வை கதகதப்பாக இருந்தது.

போன வருஷம் முதல் மழைக்கு அக்காவிடம் போனில் பெருமையடித்தேன்: "மழை விட்டதும் தெரு காஞ்சிடுச்சுக்கா."

"காஞ்சா சரி. இங்க கருப்பா நொரை கட்டிக்கினு வந்துக்கீது. ரெண்டு நாளு எறங்கினேன், வாயெல்லாம் புண்ணு. பறிய எப்புட்றா கவ்வறது?"

"மழை நின்னா சரியாயிடும்க்கா."

"மழைக்குத்தான்டா காத்துக்கினு கெடந்தோம்" என்றாள்.

பணம் அனுப்புகிறேன் என்றேன். "உன் காசு எனுக்கு எதுக்கு? உங்க தெருவுல பாத்திரம் தேய்க்க ஆள் கேக்கறாங்களான்னு பாரு" என்றாள்.

பார்த்தேன், கிடைத்தது. மழை நாளில் தோணிரேவுப் பெண்கள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். பறிகள் பரண்மேல் கிடக்கின்றன. அக்கா மட்டும் காலை பஸ் பிடித்து, நனைந்தபடி எங்கள் தெருவுக்கு வந்துவிடுகிறாள். சென்ற வாரம் அவள் வேலை செய்யும் வீட்டம்மா என்னை நிறுத்தி, மனசாரப் பாராட்டினார்:

"உங்க அக்கா மாதிரி ஆள் கிடைக்காது சார். எவ்வளவு மழை பெஞ்சாலும் லீவே போடறதில்ல."