படமில்லாத மஸ்கி

போன வருசம் யூலை மாசம், ரொறன்ரோ கொதிச்சுக்கொண்டு கிடந்த ஒரு கிழமை. நான் மோர்னிங்சைட்டில இருக்கிறன், ஸ்கூல் பஸ் ஓடுறன். கோடையில பள்ளிக்கூடம் மூடினா பஸ்ஸும் நிக்கும், நானும் சும்மா இருக்கவேணும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதால பீற்றர்பரோப் பக்கம் இருக்கிற ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் போவன். எல்லா மீனுமில்லை, மஸ்கி மட்டும்.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். இஞ்சத்தைய நன்னீர் ஏரிகளில மஸ்கியைப் போல மூர்க்கமான மீன் இல்லை. வாத்துக்குஞ்சையும் விழுங்கும். ஆனா லேசில கடிக்காது. நாள் முழுக்கத் தூண்டிலை எறிஞ்சு எறிஞ்சு தோள் விட்டுப்போய், வெறுங்கையோட வீட்டை வாறதுதான் வழமை. மூண்டு கோடையா நான் அப்பிடித்தான் வந்துகொண்டிருந்தன்.

எங்கட சனத்துக்குச் சிரிக்க இது போதாதே! எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் என்ர மனுசன்ர சிநேகிதர்மார், "அக்கா, இந்தமுறையும் மீனுக்குச் சாப்பாடு போட்டிட்டு வந்திட்டியளோ?" எண்டு கேப்பினம். அதுக்குப் பெலத்துச் சிரிக்கிறது என்ர மனுசன்தான். கடல்மீன் மட்டும்தான் மீன், மற்றதெல்லாம் தண்ணியில நீந்துற சாமான் எண்டு வாதாடுற ஆள் அவர். நானும் சேர்ந்து சிரிப்பன், ஆனா உள்ளுக்க எரியும். ஒரு மஸ்கி பிடிச்சு, அதைத் தூக்கி வைச்சு ஒரு படம் எடுத்து, எல்லாற்ற போனுக்கும் அனுப்பி, இவையின்ர வாயை அடைக்கவேணும். அதுதான் என்ர ஆசை.

வழமையா மீன்பிடிக்க என்னோட வாற, எங்கட பஸ் கொம்பனியில ஓடுற இன்னொரு டிரைவருக்கு அந்தக் கிழமை சுகமில்லை. மஸ்கி பிடிக்கத் தனியப் போறது சரிவராது, வலை பிடிக்க ஒராள் வேணும். "சரி, நானே வாறன்" எண்டார் மனுசன். வரேக்க பெரிய கூலர் நிறைய ஐஸ், கத்தி, மஞ்சள்தூள், எல்லாம் ஏத்தியாச்சு. போதாக்குறைக்குத் தன்ர தங்கச்சிக்கும் போனடிச்சு, சனிக்கிழமை மீன்குழம்பு எண்டு சொல்லிப்போட்டார். மஸ்கியைப் பிடிச்சா விடுறதுதான் எங்கட பழக்கம், அவ்வளவு பெருசா வளர அதுக்குக் கனகாலம் எடுக்கும் எண்டு நான் விளங்கப்படுத்தினன். "பிடிச்ச மீனை விடுறதுக்கோ இவ்வளவு தூரம் பெற்றோல் அடிச்சு வந்தனாங்கள்?" எண்டு கேட்டார்.

வாடகைக்கு ஒரு சின்ன போட் எடுத்து, விடியவே ஏரிக்குள்ள இறங்கிட்டம். சூடான நாளில வெய்யில் ஏறமுதல் கரைக்கு வந்திடவேணும். தண்ணி சுட்டுதெண்டா மஸ்கி கெதியாக் களைச்சுப்போகும், பிறகு விட்டாலும் தப்பாது. ஒண்டும் கடிக்கேல்லை. போவம் எண்டு நினைச்சுக் கடைசியா ஒருக்கா எறிஞ்சு இழுத்தன்.

தூண்டில் இரை போட்டுக்குக் கிட்ட வந்த உடன தூக்கக்கூடாது. றொட், அதுதான் தூண்டில் தடி, அதின்ர நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு, எட்டு எழுதுறமாதிரிச் சுத்தவேணும். பின்னால வாற மஸ்கி சில நேரம் அப்பதான் பாயும். நான் எழுதுறதைப் பாத்திட்டு மனுசன், "என்ன, தண்ணிக்கு ஏடு தொடக்கி எழுத்துப் பழக்குறீரோ?" எண்டார். சொல்லி வாய் மூடேல்லை, போட்டுக்குக் கீழயிருந்து ஒரு கறுப்பு நிழல் எழும்பிப் பாய்ஞ்சு கவ்விச்சுது.

றொட் வளைஞ்ச வளைவில நான் முழங்காலில விழுந்திட்டன். அது கீழ இழுக்க, நான் விட்டுக்குடுக்க, பிறகு இழுக்க. ஒரு பிழையும் விடேல்லை. கடைசியில மனுசன் வலையைப் போட்டு மறிச்சார். என்ர நெஞ்சு உயரம் வரும், அப்பிடி ஒரு மீன். என்ர வாழ்க்கையில அவ்வளவு பெருமையா நான் எதையும் பாத்ததில்லை.

அப்பதான் மனுசன் ஒரு வேலை செய்தார். மீன்கடையில நிண்டா இவருக்கு முதல் வேலை, செவிளைத் தூக்கிச் சிவப்போ எண்டு பாக்கிறது. கை பழகின பழக்கம், வலைக்குள்ள கையை விட்டு மஸ்கியின்ர செவிளைத் தூக்கிட்டார். உயிரோட துடிக்கிற மீன் புதுசோ பழசோ எண்டு பாத்தவர் உலகத்திலயே அவர் ஒராளாத்தான் இருப்பார். மீன் ஒரு உலுப்பு உலுப்பிச்சுது. செவிளுக்குள்ள இருக்கிற முள்ளு இவற்ற விரலைக் கிழிச்சுப்போட்டுது, கொழுக்கி வலையில சிக்கிட்டுது. நான் குறட்டால கொழுக்கியை வெட்டி எடுத்து முடிய, மீன் வயிறு மேல தெரியப் பிரண்டிட்டுது.

அப்பிடியே விட்டாச் செத்துப்போகும். போட்டில குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விட்டு, ஒரு கையால வாலையும் மற்றக் கையால வயித்தையும் பிடிச்சு நிமித்தி வைச்சன். தானா நீந்த அதுக்குச் சக்தி வருமட்டும் அப்பிடிப் பிடிச்சிருக்கவேணும். காத்து எங்களைப் பாறைப் பக்கம் தள்ளிச்சுது. மீன் பக்கத்தில கிடக்க எஞ்சினைப் போட ஏலாது. மனுசன் ரத்தம் வடியிற கையாலயே துடுப்புப் போட்டார்.

"ஒருக்காத் தூக்கும். ஒரு படம்," எண்டார்.

"தூக்கினாச் செத்துப்போம்."

"அப்ப தண்ணிக்குள்ள வைச்சே எடுக்கிறன். படமில்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்."

எனக்கு அது தெரியாதே? போன் அவற்ற பொக்கற்றுக்குள்ளதான் இருந்தது. ஆனா அவர் துடுப்பை விட்டா போட் போய்ப் பாறையில அடிக்கும், நடுவில மீன் நசியும். எனக்கு அழுகை வந்திட்டுது. அவ்வளவு ஆசைப்பட்ட படம்.

"இஞ்சேருங்கோ, துடுப்பை விடாதேங்கோ" எண்டு சொன்னன்.

அவர் விடேல்லை. எவ்வளவு நேரம் அப்பிடிக் கிடந்தன் எண்டு தெரியாது. முதுகு சுட்டது. பிறகு என்ர கைக்குள்ள அந்த வால் மெல்ல இறுகினது. ஒருக்கா அசைஞ்சுது, இன்னொருக்கா அசைஞ்சுது, பிறகு என்ர முகத்தில தண்ணியை அடிச்சிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டுது. நான் அழுதுகொண்டே சிரிச்சன். மனுசன் கூலரைத் திறந்து, குழம்புக்கு வைச்ச ஐஸுக்குள்ள விரலை வைச்சுக்கொண்டு இருந்தார்.

சனிக்கிழமை அவற்ற தங்கச்சி வீட்டில கோழிக்குழம்பு. சிநேகிதர்மாரும் வந்திருந்தினம். "அக்கா, படம் எங்க?" எண்டு தொடங்கினாங்கள். மனுசன்தான் கோப்பையைக் கீழ வைச்சிட்டு, எட்டு எழுதினதிலயிருந்து எல்லாத்தையும் சொன்னார். தான் செவிளைத் தூக்கின வெக்கக்கேட்டையும் ஒளிக்கேல்லை. "படம் எடுக்கவோ எண்டு நான் கேட்டனான். இவதான் விடேல்லை. நானெண்டா மீன் செத்தாலும் பரவாயில்லையெண்டு படத்தை எடுத்திருப்பன்" எண்டார்.

ஒரு தம்பி சிரிச்சு, "அண்ணை, அக்காவைக் காப்பாத்திறியள் போல" எண்டான். மனுசன் சிரிக்கேல்லை. "நீ நம்பாட்டி விடு. நான் கண்டனான்" எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

அவங்கள் நம்பினாங்களோ இல்லையோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை. அந்த ஏரிக்குள்ள எங்கயோ ஒரு மஸ்கி ஓடித்திரியுது, அதைப் பிடிச்சவளும் நான்தான், உயிரோட விட்டவளும் நான்தான் எண்டு நினைக்கேக்க வாற பெருமைக்கு, இன்னொராள் வந்து தலையாட்டவேணும் எண்டு இப்ப எனக்குத் தோன்றுறதேயில்லை.