குணபூஷணத்தின் பெரிய வெள்ளிப் பாட்டு

லாசரஸ் அண்ணன் வாயில் எதுவும் தங்காது. அவரிடம் ரகசியம் என்று ஒன்றைச் சொன்னால், நாம் வீடு போய்ச் சேர்வதற்குள் அது மேற்குத் தாம்பரம் முழுக்கச் சுற்றிவிட்டு நம் வீட்டு வாசலில் நிற்கும். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் ஒரு ரகசியம் மாட்டிக்கொண்டது.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கட்டைக்குரல் பாடுவார். அவருக்கு முன்வரிசையில் நிற்பவன் நான். இசையமைப்பாளர் குணபூஷணம் என்றால் அவருக்கு உயிர். பம்மலிலிருந்து முடிச்சூர் வரை எந்தக் கல்யாண ஊர்வலத்திலும் ஆள்களைத் தெருவில் இறக்கி ஆடவைக்கும் குத்துப்பாட்டுகள் எல்லாம் குணபூஷணம் போட்டவைதான். “சத்தத்தை விடுடா, உள்ளே இருக்கற கணக்கைக் கேளு” என்பார் அண்ணன். கேட்டுக் கேட்டு அவர் மனைவி கிருபா அக்காவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான லெந்து காலம் தொடங்கியதும், குழுவை நடத்தும் ஜெரூஷா பெரிய வெள்ளிக்காக ஒரு புதிய பாட்டைக் கொண்டுவந்தாள். சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றியது. வாத்தியமே இல்லாமல் நான்கு குரலில் பாட வேண்டும். எழுதியவர் பெயர் தாளில் இல்லை. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. உச்சியில் எல்லாம் சட்டென்று நின்றன. அடுத்து கட்டைக்குரல் மட்டும் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்திக் காதில் சொன்னார். “டேய், இது அவர்டா!”

ஜெரூஷாவுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இருவரையும் வண்டி நிறுத்துமிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அங்கிள், உங்க கால்ல விழறேன், கத்தாதீங்க. சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி, காலேஜ் பாடகர் குழுவுக்காக அவர் எழுதினது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அந்த நிறுத்தம்மா! ட்ரம் அடிக்கறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சு நிறுத்துவாரே, ஊரே ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்குமே, அதேதான். அங்கே ஆட்டம், இங்கே அழுகை!”

“பாடி முடிக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜாய்சன் சாருக்குத் தெரிஞ்சா பாட்டே போயிடும்.”

உண்மைதான். ஜாய்சன் சார் சபைச் செயலாளர். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் சினிமா வாடை வருகிறதென்று பயிற்சியிலேயே நிறுத்தியவர்.

அன்றிலிருந்து அண்ணன் பட்ட பாடு இருக்கிறதே! சபைக்கு வெளியே யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டார். நாங்கள் பல்லாவரம் போன ஷேர் ஆட்டோவில், “இன்னா சார், தனியா சிரிச்சிகினு வர்றே?” என்று டிரைவர் கேட்டதுதான் தாமதம், முழுக்கதையும் கொட்டிவிட்டார். “நம்ம குணபூஷணமா? சர்ச்சு பாட்டெல்லாம் கூட போட்டுகீறாரா? ஷோக்கு சார்!” என்றான் அவன். அண்ணன் இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டார்.

ஆலய வாசலில்தான் ஆபத்து. “என்ன லாசரஸ், லெந்து நாள்ல இப்படிப் பல்லைக் காட்டறீங்க?” என்று ஒருநாள் ஜாய்சன் சார் பிடித்துக்கொண்டார்.

“பல்லுவலி சார். மூட முடியலை.”

எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

பெரிய வெள்ளி மத்தியானம். வெயிலில் ஆலயமே வெந்துகொண்டிருந்தது. பாடினோம். குரல்கள் ஏறின, நின்றன. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சபையே மூச்சுவிடவில்லை. அப்போது என் பின்னாலிருந்து அண்ணன் குரல் இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த மனுஷனின் குணபூஷணப் பைத்தியத்தைக் கேலி செய்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ஜாய்சன் சார் நேராக அண்ணனிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“யார் எழுதினது இது?”

லெந்து முழுக்க அண்ணன் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் கொட்டியது. கடைசியில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“குணபூஷணம் சார்,” என்றேன். “சினிமா குணபூஷணமேதான்.”

ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டாள். ஜாய்சன் சார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வருஷமும் இதையே பாடுங்க.”

பெரிய வெள்ளியன்று உரக்கப் பேசவே கூசும் அந்த வாசலில், அண்ணன் ஜாய்சன் சாரை இடுப்போடு சேர்த்துக் கட்டி அப்படியே தூக்கிவிட்டார். “அவர்தான் சார்! அவரேதான்!” கிருபா அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். இறக்கிவிடச் சொல்லி ஜாய்சன் சார் கேட்கவே இல்லை.