பாதியில் நின்ற பயோஸ்

இடி இடித்தால் எங்கள் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. "அர்ஜுனா, அர்ஜுனா" என்று இடிக்குக் காப்பாக முணுமுணுத்தபடி வீடு முழுக்க ஓடி, டிவி பிளக்கையும் போன் வயரையும் பிடுங்கிப் போட்ட பிறகுதான் உட்காருவாள். நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் மதியத்துக்குமேல் மழை வராத நாள்தான் அதிசயம். அதனால் அவளுக்கு அந்த ஓட்டம் அநேகமாகத் தினமும் உண்டு. புது டிவி ஒன்று மின்னலில் கருகிப்போனதிலிருந்து வந்த பழக்கம். நாங்கள் கேலி செய்வோம். அப்பா மட்டும் கேலி செய்யமாட்டார், அவருடைய பைத்தியம் வேறு.

அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காரியத்தின் நடுவில் தடங்கல் வந்தால் அதை அதோடு விட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். கிள்ளானில் ஒரு வீட்டைப் பேசி முடிக்கக் கிளம்பியவர், வழியில் டயர் வெடித்ததும் திரும்பி வந்துவிட்டார். டயரை மாற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று அம்மா கேட்டாள். போகாதே என்று சொல்லத்தான் அது வெடித்தது என்றார். கடைசிவரை எங்களுக்கு வாடகை வீடுதான்.

அக்கா தன்னோடு வேலை பார்த்த சீனரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது அப்பா கத்தவில்லை. செய்துகொள், ஆனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று மட்டும் சொன்னார். அவள் ரிஜிஸ்டர் செய்துகொண்டு, புருஷனோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அக்கா போன் செய்தால் அம்மாவும் நானும் பேசுவோம். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைப்பார். அந்த சிகரெட்தான் அவர் தொண்டையைத் தின்றது. ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், வாயில் சத்தம் இல்லை. உதட்டை அசைப்பார், அதைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்வோம். அம்மாவுக்கு முழுசாகப் புரியும், எனக்குப் பாதி.

பேச முடிந்த காலத்தில் பேசாத மனுஷனுக்கு, குரல் போனபிறகு மகள் நினைப்பு வந்தது. அம்மா வருஷக்கணக்காகக் கெஞ்சியதும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, அவளை வரச் சொல் என்று உதட்டை அசைத்தார். அம்மா எச்சில் கையோடு போனுக்கு ஓடினாள்.

அக்கா லேசில் மசியவில்லை. அதில் அவள் அப்பாவின் மகள்தான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். "அம்மா சொல்லி நான் வரமாட்டேன்டா. அவருக்காக அம்மா எத்தனை தடவை எங்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க. அவரு வாயால வான்னு கூப்பிடட்டும், அடுத்த பிளைட்ல வரேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அப்பா உன்னை விசாரித்தார், குழந்தையைக் கேட்டார் என்று அம்மா வாரம் தவறாமல் சொல்லிவந்தாள். அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை.

குரலே இல்லாதவர் வாயால் எப்படிக் கூப்பிடுவார்? அவர் உதட்டை அவள் பார்க்க வேண்டும். நான் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. மானிட்டர் தலையில் உட்காரும் குட்டிக் கேமரா ஒன்று நானும் வாங்கினேன், அக்காவும் வாங்கினாள். தொண்ணூறுகளின் கடைசியில் அதெல்லாம் பெரிய புதுமை. சோதித்துப் பார்த்தபோது என் முகம் அவளுக்கு பாஸ்போர்ட் போட்டோ மாதிரி அசையாமல் நின்றது. நான் பேசி முடித்து வெகுநேரம் கழித்து வாய் திறந்ததாம். அப்பா உதட்டைக் குவித்து ஒரு சொல் சொன்னால், அது போய்ச் சேரவே சேராது.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இம்பியில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். மோடத்தைக் குறை சொல்லாதே, உன் பிராசசர்தான் கிழடு என்றார். புது பிராசசர் என் மதர்போர்டில் உட்காரும், ஆனால் அதற்கு முன்னால் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுவது அந்தச் சின்ன புரோகிராம்தான். போர்டில் ஒரு சில்லுக்குள் இருக்கும். பழைய பயோஸுக்குப் புது பிராசசரை அடையாளம் தெரியாது. புதியதை டிஸ்கெட்டில் இறக்கி, சில்லில் பழையதை அழித்துவிட்டு எழுத வேண்டும். எழுதும்போது கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது, போர்டு பிணம்.

அக்காவைக் கேமராவில் கூப்பிட அப்பா பஞ்சாங்கம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, ராகு காலத்துக்கு முன்னால் என்று குறித்துவிட்டார். அக்காவிடமும் சொல்லியாயிற்று. பிராசசரோ சனிக்கிழமை சாயங்காலம்தான் கடைக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிறு காலையில் குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பா சவரம் முடித்து, கண்ணாடி முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். வாம்மா. மறுபடியும், இன்னும் அகலமாக, வாம்மா. நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துத் துவாரத்தின்மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, என் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் நேரம் இருக்கிறது, போய்ப் படுங்கள் என்றாலும் கேட்கவில்லை.

டிஸ்கெட்டைப் போட்டேன். நான் சொல்லும்வரை யாரும் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது என்று இருவரிடமும் சொல்லியிருந்தேன். அம்மா தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். திரையில் எழுதும் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தபோது இடித்தது, கூரையே பிளந்த மாதிரி. என் அறை பிளக் பாயிண்ட் ஆட்டம் கண்டிருந்ததால் ஹாலிலிருந்து வயர் இழுத்திருந்தேன். அம்மா துணியோடு உள்ளே ஓடிவரும் சத்தம் கேட்டது. அர்ஜுனா, அர்ஜுனா. நான் எழுந்து கத்துவதற்குள் திரை இருண்டுவிட்டது.

ஹாலுக்கு ஓடினேன். அம்மாவின் ஒரு கையில் பிளக், இன்னொரு கையில் போன் வயர். "கம்ப்யூட்டர் கெட்டுப்போயிடக் கூடாதுன்னுதான்…" என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மறுபடி போட்டுப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது, வேறு ஒன்றும் இல்லை. அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. சரியாகிவிடும்தானே என்பது போல என்னையே பார்த்தார்.

போர்டைக் கழற்றிப் பையில் சுருட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளில் இம்பிக்குப் போனேன். சில்லைப் பிடுங்கி, அதே மாடல் போர்டு ஒன்றில் வைத்துத் திரும்ப எழுதிவிடலாம், ஆனால் அந்த போர்டு கைவசம் இல்லை, புதன்கிழமை வா என்றார் கடைக்காரர். மற்ற கடைகளிலும் ஏறி இறங்கினேன். வீடு திரும்பியபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், அம்மா சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் வயரை யாரும் திரும்பப் போடவில்லை. நான் போட்ட உடனே மணி அடித்தது.

"மூணு மணிலேருந்து அடிக்கிறேன்டா. கம்ப்யூட்டர்லயும் ஆளக் காணோம், போனயும் எடுக்கல. மாட்டேன்னுட்டாரு, அதானே?"

பயோஸ், இடி, பிளக், இம்பி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது கட்டுக்கதை மாதிரித்தான் கேட்டது. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிடா" என்று போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை சில்லு பிழைத்தது. புது பிராசசரைப் போட்டேன், படம் துள்ளிக்கொண்டு ஓடியது. அப்பாவைக் கூப்பிட்டால் கையை வீசினார். தடங்கல் வந்துவிட்டது, விட்டுவிடு. அம்மா இல்லாமலே அந்த உதடு எனக்கு முழுசாகப் புரிந்தது. அது வெறும் மின்சாரம், தெய்வமும் இல்லை சகுனமும் இல்லை என்று கத்தினேன். உங்கள் கௌரவத்துக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதில் பேச முடியாத மனுஷனிடம் சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது. அம்மா பாசத்தில் செய்தாள், அப்பா பயத்தில் செய்தார். எனக்கு இன்றைக்கும் இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது.

அடுத்த தைப்பூசம் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

அக்கா குழந்தையோடு வந்தாள். படி ஏறும்போது ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் ஏறினாள். காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்: "நான்தாம்மா பிளக்கைப் புடுங்கினேன். அவரு உனக்காகச் சட்டை போட்டு உக்காந்திருந்தாரு. சத்தியமா உக்காந்திருந்தாரு." அக்கா அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அவரே போயிட்டாரு. இனியும் எதுக்கும்மா அவருக்காகப் பேசுறீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்னக் குழந்தையைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்.

ஏர்போர்ட்டில் நான் அந்தப் பேச்சை விடவில்லை. சவரம், வெள்ளைச் சட்டை, கண்ணாடி முன்னால் வாம்மா என்று பழகியது, எல்லாம் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நீயாச்சும் எங்கிட்ட உண்மைய சொல்லுவேன்னு நெனச்சேன்டா" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அக்கா நம்பிவிட்டாள் என்று சொன்னேன். அப்பா போன நாளிலிருந்து இரண்டு வாய்க்குமேல் இறங்காத அம்மா, அன்று உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.