ராக்குவை வகுப்புக்கு அழைத்த அம்மா

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் பி.எட். முடித்த கதையை எழுதி வைக்கிறேன்.

பெயர் ரேணுகா. போடிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோரில் ஒன்பது வருடம் காய் எடை போட்டாள். எடையைப் போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்புவாள். நாற்பத்தோரு வயதில் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தாள்.

முதல் வாரம் கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தொழில்நுட்பத் திறன் பற்றி இருபது கேள்விகள். இருபதுக்கும் 'தெரியாது' என்று போட்டாள்.

"ஸ்டோர்ல போன்ல தினமும் செஞ்சதத்தானேம்மா கேட்டிருக்காங்க?" என்றேன்.

"அது சோலி, அப்பு. தெரியும்னு போட்டு, எந்திரிச்சு செஞ்சு காட்டுன்னா என்ன பண்றது?"

மவுஸ் பிடிக்கப் பழகும் வகுப்பில் உட்கார வைத்தார்கள். உடன் படித்த பவதாரணிக்கு வயது இருபத்திரண்டு. "அக்கா, இன்னைக்கு மவுஸு ரோட்டுல போச்சா, பள்ளத்துல விட்டீகளா?" என்று தினமும் கேட்பாளாம்.

இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில், ராசிங்காபுரத்தில் ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு. தொழில்நுட்பத்தோடு பாடம் நடத்த வேண்டும். தவறினால் இன்னொரு வருடம். விட்ட வேலையும் திரும்பக் கிடைக்காது. நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். அவள் எடுத்த பாடமான ஏலச் செடி பற்றி முப்பத்திரண்டு ஸ்லைடு செய்து அனுப்பினேன்.

"நல்லாருக்கு அப்பு. ஆனா செடி அசையலயே."

அன்றைய வகுப்பைப் பவதாரணி எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் தேர்வாளர் லிங்கேஸ்வரன். ஏலக்காய் எங்கே காய்க்கும் என்று அம்மா கேட்கிறாள். "கிளைல" என்கிறது முழு வகுப்பும். ஜன்னலில் மலை தெரிகிறது. செடியை யாரும் பார்த்ததில்லை.

அம்மா போனைத் திரையோடு இணைத்து, தோட்டத்தில் காய் எடுக்கும் ராக்குவை வீடியோவில் அழைக்கிறாள். எந்தப் பாறையில் சிக்னல் கிடைக்கும், டீ எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும்.

திரையில் ராக்குவின் நெற்றி மட்டும் வருகிறது.

"போனத் தள்ளிப் பிடி, ராக்கு."

"பிள்ளைகளா, மேல என்னத்தப் பாக்குறீக? கீழ பாருங்க," என்கிறாள் ராக்கு.

செடியின் அடியில், மண்ணோடு படர்ந்த கொத்தில் வெள்ளைப் பூ. பக்கத்திலேயே பச்சைக் காய்.

"ஏ மதினி, பின்னால ஒரு ஆளு எழுதிக்கிட்டே இருக்காரே, பாடத்தக் கவனிக்கிறாரா இல்லையா?"

வகுப்பு சிரிக்கிறது. அம்மாவின் முகம் வெளுக்கிறது. போனை அணைக்கப் போகிறாள்.

"அணைக்காதீங்கம்மா," என்று லிங்கேஸ்வரன் எழுந்து முன்னால் வருகிறார். "பூவ இன்னொரு தடவ காட்டச் சொல்லுங்க. நானும் கிளையிலதான்னு இருந்தேன்."

மாலையில் போன் செய்தாள்.

"பாசு, அப்பு. சாரே சொல்லிட்டாரு."

மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டாள். ராக்கு வேலை முடிந்து ஜீப்பில் ஏறினால் சிக்னல் போய்விடும், அதற்குள் அவளுக்குச் சொல்ல வேண்டுமாம்.