தோட்டக்காரனுக்காகச் செய்த ஜெபம்

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஏழு பேரையும் என்னைவிடக் கூடுதலாகப் படிக்க வைத்தேன். என் படிப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் கிளாஸ். ஆனாலும் கல்யாணமாகி வந்தபோது, எங்கள் தெருப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை இன்றைக்கும் தலை நிமிர்ந்து சொல்லுவேன்.

இப்போது இந்த வீட்டில் எல்லோரும் கொலைப் புத்தகம் வாசிக்கிறார்கள். கொன்றது யாரென்று கடைசி வரை தெரியாவிட்டால்தான் நல்ல புத்தகம் என்கிறாள் ஒரு பேத்தி. கட்டுக்கதை வேண்டாம், நிஜத்தில் நடந்த கொலையென்றால்தான் வாசிப்பேன் என்கிறான் பேரன். இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்தபடி சண்டை போடுகிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. அது என் மாமியாரிடமிருந்தும் அவளுடைய தம்பியிடமிருந்தும் எனக்குக் கிடைத்தது.

மகாராஜா ஆண்ட காலம் அது. எங்கேயாவது ஒரு கொலை நடந்தால், கொஞ்ச நாளில் அது பாட்டாகி, நாலைந்து தாள் புத்தகமாகிவிடும். கொலைச்சிந்து என்று பெயர். கோட்டாற்றுச் சந்தையில் ஒருவர் கஞ்சிராவைத் தட்டிப் பாடி விற்பார். நானும் மாமியும் புளி வாங்கப் போன ஒரு நாள் அந்தச் சத்தம் கேட்டு நின்றேன். தோவாளைப் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற இடத்தில் நடந்த பழைய கொலை. இருட்டில் பதுங்கியிருந்தான் பாவி, பல்லைக் கடித்தான், பாய்ந்தான் என்று அவர் பாடப் பாட எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நட மக்கா."

"இன்னும் கொஞ்சம் கேட்டுட்டுப் போவோம் மாமி."

"நடன்னா நட!"

பாதி வழியில் ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். புளிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பாட்டுல உள்ளவன் எந்தம்பியாக்கும். அவன் பதுங்கவும் இல்ல, பாயவும் இல்ல. பட்டப்பகல்ல வாய்த்தர்க்கம். கையில மம்பட்டி இருந்துது, அடிச்சுப் போட்டான். கிறிஸ்மசுக்குக் கோழி அறுக்கணும்னா அடுத்த வீட்டுக்காரர விளிச்சுட்டு வாறவன் அவன்."

தம்பி அப்போது திருவனந்தபுரம் ஜெயிலில் இருந்தான். தண்டனை முடிகிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்தால் அவனுக்கு அக்கா வீட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

"தெரிஞ்சா அவன இங்க நடக்க விடுவாளுகளா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்டது போலவும் இருந்தது, ரோட்டிடம் கேட்டது போலவும் இருந்தது. அந்தச் சந்தைப் பக்கம் அவள் பிறகு வரவேயில்லை.

என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி ஓட்டினார். கோட்டாற்றுக் கடைக்காரர் ஒருவர், தாம் வாசித்து முடித்த துப்பறியும் புத்தகத்தை அவரிடம் கொடுத்தனுப்பினார். மாதம் ஒரு பாகமாக வருவது. மத்தியானம் பலா மரத்து நிழலில் ஊறவைத்த தென்னோலையை முடைந்துகொண்டு மாமியும், மதினி முறையாகிற கிழக்கு வீட்டு மைனியும், இன்னும் சில பெண்களும் உட்காருவார்கள். நான் முடைய வேண்டாம். அது எனக்குக் கிடைத்த மரியாதை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

பட்டணத்து பங்களாவில் ஜமீன்தாரைக் குத்திவிடுகிறார்கள். என் வாசிப்பின் வேகத்தில் அவர் குத்துப்பட்டுக் கீழே விழவே ஒரு மத்தியானம் ஆயிற்று.

"ஏட்டி, சட்டுன்னு சாவ விடு," என்றாள் மைனி. "அந்த மனுசன் எம்புட்டு நேரந்தான் துடிப்பாரு!"

போலீஸ் வந்து தோட்டக்காரனைப் பிடித்துப் போகிறது. அவன் செய்யவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. பாகம் அங்கே முடிந்தது. மைனி கொதித்தாள்.

"அந்த ரெண்டாங்கெட்டினவதான் செஞ்சிருக்கா. புருசன் செத்துக் கெடக்கான், அவ கண்ணாடி பாக்கா. எவ செஞ்சாலும் சரி, கொன்னவங்கள தூக்குல போடணும். அதுக்கு மேல பேச்சே கெடையாது."

மாமியின் கை ஓலையில் நின்றது. பிறகு என்னிடம் கேட்டாள்: "அந்தத் தோட்டக்காரனுக்கு ஜெயில்ல கஞ்சி குடுக்கானுவளா? அத வாசி."

"அது எழுதல்ல மாமி."

"அத எழுதாம இது என்ன புத்தகம்?"

அதுவரை நாங்கள் பார்த்த அச்சு வேதப்புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம், கொலைச்சிந்து, அவ்வளவுதான். வேதம் சத்தியம். சிந்தில் உள்ளது, கூட்டிக் குறைத்துப் பாடினாலும், நடந்தது. ஆகவே பட்டணத்தில் ஒரு தோட்டக்காரன் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் கிடக்கிறான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை, வாசித்த எனக்கும்தான். எங்கள் வீட்டில் நடக்கிற புதன்கிழமை ஜெபத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கோயில் உபதேசியாரின் மனைவி உபதேசியாரம்மா கேட்டதும் மைனி முந்திக்கொண்டாள்.

"ஜெயில்ல ஒரு அப்பாவி கெடக்கான் அம்மா. தூக்குக்குப் போகப் போறான்."

எல்லோரும் முழங்காலில் நின்றோம். மாமி சத்தமில்லாமல் அழுதாள். ஆமென் சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாகம் வருகிறவரை புதன்கிழமைதோறும் தோட்டக்காரனுக்காக ஜெபம் நடந்தது. ஜெபம் மட்டும் போதாது, அவனுக்கு ஒரு புதிய ஏற்பாடு அனுப்பி வைப்போம் என்று உபதேசியாரம்மாவுக்குத் தோன்றியது. எந்த ஜெயில் என்று பார்க்க உபதேசியார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை அவரே வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அம்மாமாரே, ஜெயிலத் தேடினேன். ஜெயிலும் இல்ல, ஆளும் இல்ல. இது ஒருத்தர் இருந்து மனசால கெட்டின கதையாக்கும்."

மைனி தன் முழங்காலைத் தடவினாள்.

"அட சவமே! இல்லாத ஒருத்தனுக்கா என் முட்டு தேஞ்சுது?"

வீடே சிரித்தது. உபதேசியாரம்மாவும் சிரித்தாள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். தம்பியைப் பற்றிச் சொல்லப் போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். வேண்டாம் மாமி என்று சொல்லவும் நினைத்தேன், சொல்லு மாமி என்று சொல்லவும் நினைத்தேன்.

"வீணாப் போகல்ல," என்றாள். "நீங்க தோட்டக்காரன்னு சொல்லும்போதெல்லாம் நான் எந்தம்பிய நெனச்சாக்கும் ஜெபம் பண்ணினேன். அவன் திருவனந்தபுரத்துல ஜெயில்ல கெடக்கான். ஒரு கொலைக் கேசு."

மைனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "செய்யாததுக்கா சித்தி?"

"இல்ல. செஞ்சான்."

புத்தகத்துத் தோட்டக்காரன் குற்றமில்லாதவன். அவனுக்காக அழுவது லேசு. இவன் அப்படியல்ல. மாமி நின்றபடியே இருந்தாள். அவளுக்குச் சிந்து பாடியவரின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பாட்டுல பொய் போட்டிருக்கானுவ," என்று மட்டும் மெல்லச் சொன்னாள். "பதுங்கல்ல. ஆனா செஞ்சான்."

தூக்கில் போட வேண்டும் என்று சட்டம் பேசினவள் மைனிதான். எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு மறுபடி முழங்காலில் நின்றாள்.

"பேரு என்ன சித்தி?"

மாமிக்கு விளங்கவில்லை.

"ஒம்ம தம்பி பேரக் கேட்டேன். பேரு தெரியாமத்தான் இம்புட்டு நாளும் ஒரு தோட்டக்காரனுக்கு ஜெபம் பண்ணி வெக்கப்பட்டாச்சு. இனிமேலாவது பேரு சொல்லிப் பண்ணுவோம்."

மாமி பேரைச் சொன்னாள். அந்த வீட்டில் வருஷக்கணக்காக யாரும் உச்சரிக்காத பேர். இங்கே அதை எழுதவில்லை. அன்று அத்தனை பெண்களும் அதைச் சொன்னார்கள். அது போதும்.

மாமியின் தம்பி விடுதலையாகி வந்த நாளில் நான் அடுப்படியில் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றிருக்கிறார். முதலில் பார்த்தது மைனி.

"சித்தி!" என்று வேலிக்கு அப்பால் நின்று கூவினாள். "ஓடி வாரும்! ஒம்ம தோட்டக்காரன் வந்தாச்சு!"

மாமி ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தம்பியின் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கஞ்சி குடுத்தானுவளா மக்கா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். மைனி வீட்டிலிருந்து அன்றைக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வந்தன. வேறு இரண்டொரு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவரை நடக்க விட்டார்கள்.

கடைசிப் பாகம் வந்தபோது அவரும் பலா மரத்தடியில் தள்ளி உட்கார்ந்து ஓலை கீறிக் கொடுத்தார். கதை என்று தெரிந்த பிறகும் யாரும் அதை விடவில்லை. கொன்றது கணக்குப்பிள்ளை. தோட்டக்காரனுக்கு விடுதலை. துப்பறிகிறவருக்கு மாலை. மைனிக்குத்தான் வருத்தம்.

"அந்தக் கண்ணாடி பாத்தவ செய்யல்லியா? எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் ஓலையைக் கீறிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "செத்தவருக்குப் பிள்ளைய உண்டுமா?"

நான் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். "அது எழுதல்ல மாமா."

"எழுதியிருக்கணும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் அடிச்ச ஆளுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய," என்றார்.

மாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கீறிய ஓலையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை ஜெபத்தில் அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் கேட்டது மைனி. அதன் பிறகு எந்தப் புதன்கிழமையும் அவர்களை விட்டுவிடவில்லை.

ஆகவே, கொன்றது யாரென்று கடைசியில் சொன்னாலும் முதலில் சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். நடந்ததோ கட்டினதோ, எந்தக் கொலைப் புத்தகத்தையும் நான் இரண்டே கேள்வியில் எடை போட்டுவிடுவேன். உள்ளே கிடக்கிறவனுக்குக் கஞ்சி கிடைத்ததா? செத்தவனின் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

மக்கா, இதெல்லாம் நான் கைப்பட எழுதினது. எழுத்து மேலும் கீழுமாக ஓடியிருக்கும். இங்கே வந்து இரு. முதலிலிருந்து வாசி, பைய வாசி. அந்த ரெண்டு பிள்ளைகளையும் எழுதாமல் விட்டுவிட்டேனா என்று, நீ வாசிக்க வாசிக்க நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.