நகத்தின் நுனியில் பட்ட பந்து

என் எழுத்து ஏறியும் இறங்கியும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து பழகிய கை இது. ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் பிடிக்கிறது. ஆனாலும் செபஸ்தியானைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வியாழக்கிழமை எங்கள் தெரு டீக்கடைக்கு அரியலூரிலிருந்து போன் வந்தது. அவருடைய மகன்தான் பேசினான். "அப்பா விடியக்காலையில தவறிட்டாரு மாமா. தூக்கத்துலயே போயிட்டாரு." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப் பையில் அவருக்குப் பாதி எழுதிய கார்டு இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தேன் என்பது அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு வாலிபால் குழு இருந்தது. ஏர் ஓட்டுகிறவன், செக்கு ஆட்டுகிறவன், மூட்டை தூக்குகிற நான் என்று ஆறு பேர். சொந்த மண்ணில் நாங்கள் தோற்றதே இல்லை. எங்களோடு ஆட வெளியூர்க் காலேஜிலிருந்து ஒரு குழு வந்தது. அதன் கேப்டன்தான் செபஸ்தியான்.

அரியலூர் வரை ரயிலில் வந்தவர்கள் அங்கிருந்து கரி பஸ்ஸில் ஏறினார்கள். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் இரும்புப் பீப்பாய் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டிய நாட்கள் அவை. மேடு வந்தால் பஸ் நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். மதியம் வர வேண்டியவர்கள் வெயில் சாயும்போதுதான் வந்தார்கள். முழங்கை வரை கரி. பல் மட்டும் வெள்ளை.

கிணற்றில் நான்தான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன்.

"ரொம்ப தூரம் தள்ளுனீங்களா சார்?" என்று கேட்டேன்.

"பஸ்சு எங்களக் கொண்டாந்துச்சா, நாங்க பஸ்ஸக் கொண்டாந்தோமான்னு கண்டக்டரையே கேளுங்க. சார்னு கூப்பிடாதீங்க, செபஸ்தியான்னு கூப்பிடுங்க."

"களைப்பா இருந்தா நாளைக்கு ஆடலாம்ங்க."

"நாளைக்குக் காலேஜ்ல இருக்கணும்ங்க. அது மட்டுமில்ல, இன்னைக்குத் தோத்தா வலையைச் சுருட்டிப் பரண்ல போட்டுடுவேன்னு பிரின்ஸ்பால் சொல்லியிருக்காரு. ஜெயிக்காத டீமுக்கு யுத்த காலத்துல ரயில் செலவு எதுக்குன்னு கேக்குறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தேய்த்த கையையே மறுபடி மறுபடி தேய்த்தார்.

கரி போகவில்லை. அங்கேதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கடலை எண்ணெய் தடவினால் போகும் என்று அரைக் கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தேன். எண்ணெய் கரியைக் கரைத்து எல்லா விரலுக்கும் சமமாகப் பங்கு வைத்தது. ஆட்டம் தொடங்கியதும் அது தோல் பந்தில் ஏறியது, பந்திலிருந்து எங்கள் கைக்கு வந்தது. பந்து விலாங்கு மீன் மாதிரி வழுக்கியது. "காலேஜ்காரனுவ எண்ணெய் பூசிட்டு வந்திருக்கானுவடா!" என்று கூட்டம் கத்தியது. எண்ணெய் கொடுத்த நான் வாயைத் திறக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் பதினைந்துக்கு நான்கு என்று அவர்களைச் சுருட்டினோம். இரண்டாவதில் அவர்களுடைய நெட்டை ஆளுக்குக் கணுக்கால் பிசகியது. வந்ததே ஆறு பேர், மாற்று ஆள் கிடையாது. துண்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் வலையோரம் நின்றார். செபஸ்தியான் தன் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது: "பஸ்ஸத் தள்ளுன மாதிரிதான்டா. ஊரு எவ்வளவு தூரம்னு பாக்காத. ஒரு அடி தள்ளு. அப்புறம் இன்னொரு அடி." அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் அந்த ஆறு பேரும் "தள்ளு! தள்ளு!" என்று கத்தினார்கள். தரையைத் தொடப்போகிற பந்தையெல்லாம் குப்புற விழுந்து எடுத்தார்கள். நான் ஓங்கி அடித்தது எனக்கே திரும்பி வந்தது.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் நான் அடித்த பந்து ஒன்று வெளியே போனது. மாட்டு வண்டி மேல் நின்றிருந்த நடுவர், பந்து அவர்களுக்கு என்றார். தடுத்தவர் கையில் பட்டு வெளியே போயிருந்தால்தான் அது எங்களுக்கு. செபஸ்தியான் கையைத் தூக்கினார். "என் விரல்ல பட்டுத்தான் போச்சுங்க. பந்து அவங்களுக்கு."

"டேய், உன்னை யாருடா கேட்டா?" என்று நெட்டை ஆள் பல்லைக் கடித்தார்.

"நடுவருக்கு ரெண்டு கண்ணு, எனக்குப் பத்து விரலு. யாருக்குடா நல்லாத் தெரியும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த ஆட்டத்தை அவர்களே ஜெயித்தார்கள்.

மூன்றாவது ஆட்டம். அவர்கள் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று, சர்வீஸ் அவர்கள் கையில். பந்து வலைக்கு இங்கும் அங்கும் எத்தனையோ தடவை போய் வந்தது. கடைசியில் செபஸ்தியான் எம்பி அடித்தார், நான் தடுக்க எம்பினேன். பந்து என் தலைக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. பந்து எங்களுக்கு என்று நடுவர் கை காட்டினார். ஊரே துள்ளியது. என் நடுவிரல் நகத்தின் நுனியில் மட்டும் ஏதோ உரசிப்போன சூடு இருந்தது. என் கையும் தூக்கியபடியே இருந்தது. நான் அதை இறக்கவில்லை.

"பட்டுச்சுங்க" என்றேன்.

அவர்கள் ஜெயித்தார்கள். என் தாய்மாமன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. திரும்பும்போது பஸ் கிளம்ப மறுத்தது. நாங்கள் ஆறு பேரும் பின்னால் நின்று, "தள்ளு! தள்ளு!" என்று அவர்கள் குரலிலேயே கத்திக்கொண்டு தள்ளி அனுப்பினோம்.

படிப்பு முடிந்து செபஸ்தியான் அரியலூர் விதைக் கிடங்கில் வேலைக்கு வந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அன்று முதல் எங்களுக்குள் ஒரே வழக்குத்தான். அவர் சொல்வார்: "படவே இல்லய்யா கலியபெருமாள். நான் வெளியே அடிச்சுட்டேன். கிணத்தடியில வலையைப் பத்திச் சொன்னேன் பாரு, பாவம் பாத்துக் கையத் தூக்கிட்ட." நான் சொல்வேன்: "உனக்குப் பத்து விரல்னா எனக்கு மட்டும் எட்டா?" ஊர்த் திருவிழாவில், மகள் கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட இதுதான் பேச்சு. கார்டிலும் அதையே எழுதுவார். டீக்கடையில் யாராவது உரக்கப் படித்துக் காட்ட, "இந்த வாரமும் படலையாம்ணே!" என்று கடையே சிரிக்கும்.

நான் எழுதப் பழகியதும் என் கையால் எழுதிய முதல் கார்டு அவருக்குத்தான். "பந்து என் விரலில் பட்டது" என்று எழுதினேன். மறு வாரமே பதில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நானே படித்தேன். "உன் எழுத்து உன் சர்வீஸ் மாதிரியே இருக்கிறது. எங்கே போய் விழும் என்று தெரியவில்லை. ஆனால் வலையைத் தாண்டிவிட்டது. மற்றபடி, பந்து படவில்லை." அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், அவர்களை ஜெயித்திருந்தால்கூட வந்திருக்காது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் நான் எழுதினேன். அவரும் விடவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவி மதலேனம்மாள் அழுத கண்ணோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. நெசமாவே பட்டுச்சா?" கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறோம் என்பதை மறந்து சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கல்லறைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "பட்டுச்சு தாயி. நான் யாருக்கும் பாவம் பாக்கல. அவங்க ஆறு பேரும் தள்ளித் தள்ளி ஜெயிச்ச ஆட்டம் அது."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, கேட்காமலே தூக்கும் இந்தக் கை. அதில் இப்போது பேனாவும் இருக்கிறது. மறுத்துப் பேச அவர் இல்லாததால் வழக்கில் நான் ஜெயித்துவிட்டதாக ஆகாது. அந்தப் பாதிக் கார்டை முடித்து மதலேனம்மாளிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எழுதுறத நிறுத்தாதீங்கண்ணே. படலைன்னு அவருக்குப் பதிலா நான் எழுதுறேன்."

வருகிற வெள்ளிக்கிழமைக்குக் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன்.