என் மனைவிக்காகப் பேசிய லோயர் பிள்ளை

இதை எழுத எனக்குப் பல வருடங்களாக மனம் வரவில்லை. சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத் தாளை எடுப்பேன், பிறகு பேசாமல் எழும்பிப் போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருந்த காலம். சலரோகத்தால், அதுதான் நீரிழிவால், என் மனைவியின் வலது கால் பழுதாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தப்பாது என்றார்கள் டொக்டர்மார். அவள் மாட்டேன் என்றாள். “முருகன் முழுசாய்த் தந்தவர், முழுசாய்த்தான் திருப்பிக் குடுப்பன்” என்றாள். கட்டிலில் கிடந்தபடி எந்நேரமும் முருகனோடு வாய்விட்டுக் கதைப்பாள். எங்கள் வீடுகளில் அது புதினமில்லை. ஆஸ்பத்திரியில் அதைக் கண்டுவிட்டு, இவருக்குப் புத்தி தெளிவில்லை, கணவனின் சம்மதம் போதும் என்றார்கள். நான் சம்மதித்தேன். அவள் இருந்தால் போதும் எனக்கு.

அந்த முடிவை எதிர்க்க நோயாளிக்கு உரிமை உண்டாம். அப்படித்தான் அவளுக்காக அந்த லோயர் வந்தார். எங்கள் ஆட்களில் ஒரு பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும், வைத்தியச் சட்டம்தான் அவருடைய தொழில். இப்படியான வழக்குகளுக்கென்று உள்ள சபையிலிருந்து சிலர் வந்து ஆஸ்பத்திரி அறை ஒன்றிலேயே விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் என் மனைவி, பக்கத்தில் லோயர் பிள்ளை. இந்தப் பக்கம் டொக்டர்மாரோடு நான். கலியாணம் கட்டின நாளிலிருந்து அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

“அம்மா, முருகனோட கதைக்கிறீங்களாம். அவர் பதில் சொல்லுறவரோ?” என்று லோயர் பிள்ளை கேட்டார்.

“இல்லைப் பிள்ளை. டொக்டர்மாரும்தான் எனக்குப் பதில் சொல்லுறேல்லை. அவையையும் கூப்பிட்டுக் கதைக்கிறன்தானே?”

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். லோயர் பிள்ளை சிரிக்கவில்லை.

“காலை எடுக்காட்டி என்ன நடக்கும்?”

“செத்துப்போவன். எனக்கு விளங்குது. உந்த மனுசனுக்குத்தான் விளங்கேல்லை.”

அவளுடைய சொல்லே முடிவு என்று தீர்ந்தது. வெளியே வந்து லோயர் பிள்ளையை மறித்தேன். “பிள்ளை, நீர் என்ரை மனுசியைக் கொல்லப் போறீர்.”

அவர் கோபிக்கவில்லை. “அங்கிள், நான் அவவின்ரை லோயர். உங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்ல எனக்கும் விருப்பம்தான். இண்டைக்கு ஏலாது.” அதைச் சொல்லிவிட்டு, பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனியாக எலிவேற்றரில் இறங்கிப் போனார்.

என் மனைவி வீட்டில்தான் கண்ணை மூடினாள். செத்தவீட்டுக்கு அந்தப் பிள்ளையும் வந்து கடைசி வரிசையில் நின்றார். “உவதான் காசுக்காகக் காலை வெட்ட விடாமல் ஆளைச் சாகடிச்சது” என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பிள்ளைக்கும் கேட்டிருக்கும். ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. நானும் போகவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

என் பிள்ளைகள் இப்போது யூனியன்வில்லிலும் ஒஷாவாவிலும் இருக்கிறார்கள். நான் தனியே பஸ் எடுத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்விக்கிறேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார். எனக்குத் தெரியாது. என் மனைவியின் நட்சத்திரத்தைச் சொல்லிவிடுவேன்.

இந்தக் கதையை எங்கள் சனம் இன்னும் வேறு மாதிரித்தான் சொல்லித் திரிகிறது. வாசித்தவர்கள் யாருக்காவது சொல்வதானால், தயவுசெய்து ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், நடந்தபடியே சொல்லிவிடுங்கள்.